ரக்பி அண்ணா

வில்கமுவ போகும் வழியில் வேன் சேற்றில் புதைந்துவிட்டது.

“நம்ம ரக்பி அண்ணா இருக்கிறப்போ என்ன பயம்? எறங்குங்கண்ணே!” என்றான் டிரைவர்.

அனுஷியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக் கூடத்தில் காலேஜ் ரக்பி கேடயம் தொங்குவது ஊருக்கே தெரியும். எங்கே எந்த வண்டி புதைந்தாலும் தள்ளுவதற்கு அவள் புருஷனைத்தான் கூப்பிடுகிறார்கள். அப்புறம் ஒரு வாரத்துக்கு அவன் இடுப்புக்கு எண்ணெய் தேய்ப்பது அவள்.

“வேணாங்க, சொன்னாக் கேளுங்க.”

“சும்மா இரு, ஆளுங்க பாக்கிறாங்க.”

தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு ஞானசேகர் இறங்கினான். நாலு பேரோடு சேர்ந்து தள்ளினான். வேன் அசையவில்லை. “ஐயோ, இடுப்பு!” என்று ஓரமாக உட்கார்ந்துவிட்டான்.

அனுஷியா விடுவிடுவென்று இறங்கி வந்தாள். “இதையாவது ஒழுங்காப் புடிங்க” என்று கைப்பையை அவன் மடியில் போட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக் குனிந்து, வேனில் தோளைப் பதித்தாள்.

“எல்லாரும் ஒண்ணா... இப்ப!”

ஒரே உந்தலில் வேன் மேடேறியது.

டிரைவர் வாயைப் பிளந்தான். “அண்ணா சொல்லிக் குடுத்ததாக்கா?”

“அவரா? நான் காலேஜுக்கு வெளையாடினப்ப, கோட்டுக்கு வெளிய நின்னு என் பையப் புடிச்சிக்கிட்டிருந்தவரு!”

ஞானசேகர் கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.