பன்னிரண்டாவது கை

காலைத் தபாலில் இரண்டு உறைகள் வந்திருந்தன.

சான்றிதழ் உறையை மற்ற நர்ஸ்களே பிரித்துப் பார்த்துக் கைதட்டிவிட்டார்கள். இனி அபிராமசுந்தரி வெறும் நர்ஸ் இல்லை, நோய்த்தொற்றுத் தடுப்பில் தனியாகப் படித்துத் தேறிய நர்ஸ். திருத்தணியில் அந்த ஆஸ்பத்திரிக்கு அவள்தான் முதல் ஆள்.

லேபிலிருந்து வந்த உறையை அவளே பிரித்தாள்.

பச்சைக்குழந்தைகள் வார்டில் பத்து நாளில் நாலு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். ஒன்று போய்விட்டது. யார் கையிலிருந்து கிருமி போகிறது என்று கண்டுபிடிக்க, வார்டில் வேலை செய்கிற எல்லோர் கைகளையும் மணிக்கட்டு வரை பஞ்சுக்குச்சியால் தடவி அவள்தான் லேபுக்கு அனுப்பியிருந்தாள்.

இந்த விஷயத்தில் அவள் படு கறார். முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது என்று குழாய்க்கு மேலே நோட்டீஸ் ஒட்டியதே அவள்தான். புருஷன் இருக்கும்போது கண்ணாடி வளையலை எப்படிக் கழற்றுவது என்று ஆயா வள்ளியம்மாள் அழுதாள். இவள் பக்கத்திலேயே நின்று கழற்ற வைத்தாள்.

உறைக்குள் இருந்த காகிதத்தில் பன்னிரண்டு பெயர்கள். பதினொன்றில் ஒன்றும் இல்லை. ஒன்றில் மட்டும், குழந்தைகளின் ரத்தத்தில் இருந்த அதே கிருமி.

வார்டு டாக்டர் ராஜமாணிக்கம் காகிதத்தை வாங்கிப் பார்க்கவில்லை. அவர் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தார்.

"வள்ளியம்மாதானே சிஸ்டர்? இன்னியோட நின்னுக்கச் சொல்லிடலாம்."

"ஆங் சார்."

தலையாட்டிவிட்ட பிறகுதான் கையிலிருந்த காகிதத்தை மறுபடி பார்த்தாள்.

வள்ளியம்மாளின் பெயர் நாலாவது. அந்தக் கை சுத்தம்.

பன்னிரண்டாவது பெயர், ஒரு டஜனாக இருக்கட்டும் என்று கடைசியில் அவளே எழுதிச் சேர்த்தது. அவளுடைய பெயர்.

வெட்டுக்காயம் என்று சொல்லி, பிளாஸ்திரி போட்டு மறைத்திருந்த சிவப்புக் கயிறு அவள் மணிக்கட்டில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிற நைனா, மகள் பாஸாக வேண்டும் என்று சந்நிதியில் வைத்து வாங்கிக் கட்டியது. சான்றிதழ் வந்ததும் மலையேறிப் போய் அவிழ்ப்பதாக வேண்டுதல். நாளுக்கு நாற்பது தடவை கை கழுவுகிறவள். மூன்று மாதமாக அது காயவே இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு வள்ளியம்மாள் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாஸாயிட்டியாமே கண்ணு! என் கண்ணே பட்டுடும் போலகீது."

வளையல் இல்லாத இரண்டு கைகளாலும் அபிராமசுந்தரியின் கன்னங்களை வழித்து, தன் நெற்றியோரம் வைத்து, படபடவென்று நெட்டி முறித்தாள்.