எந்த ஊர்ப் பத்து மணி

பூசாத சுவரில் கொத்தனார் கரித்துண்டால் இரண்டு கடிகாரம் வரைந்து பார்க்கிறார். நைரோபியில் பத்து என்றால் லாகோசில் எட்டு. நான்கு வருஷமாக ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாத மகன்கள் இருவரும் இன்று பத்து மணிக்கு ஒரே லைனில் வருவதாகச் சொன்னார்கள். எந்த ஊர்ப் பத்து என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. சிமெண்ட் காய்ந்த விரல்களுக்குள் போன் சூடேறுகிறது. மணல் குவியலுக்கும் சாரத்துக்கும் நடையாய் நடக்கிறார்.

“வீம்பு புடிச்சவன், வரமாட்டான். நான் வைக்கிறேன்ப்பா,” என்கிறான் நைரோபியிலிருக்கும் இளையவன்.

“வச்சிராதடா! உங்கண்ணனுக்கு இப்ப எட்டுதான். ஷிஃப்ட் முடிஞ்சாத்தான் அவன் போனுக்கு உயிர் வரும்.”

“ரெண்டு மணி நேரம் என்னத்தப்பா பேசுறது?”

வைத்துவிட்டால் மறுபடி எடுக்க மாட்டான். வேலைக்கு வரச்சொல்லி மேஸ்திரி கத்துகிறார். கொத்தனார் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்கிறார்: “அங்க மழையாடா?”