நாலு மணி நேர வெளிச்சம்

நடுக்குவாதத்துக்காக நாச்சிமுத்துவின் மூளையில் வைத்த புது செல்கள் வெளிச்சம் பட்டால்தான் வேலை செய்யும். காதுக்குப் பின்னால் பொத்தானை அழுத்தினால் தலைக்குள் விளக்கு எரியும். நடுக்கம் நின்று, கால் நடக்கும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அந்த நாலு மணி நேரத்தையும் அவர் தினமும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போய், கேரம் ஆடித் தீர்த்துவிடுவார். "உங்க வீட்டுக்காரரு பையனாட்டம் ஆயிட்டாருங்க" என்று யாராவது சொன்னால் மனைவி தனக்கொடிக்குப் பற்றிக்கொண்டு வரும். மீதி நேரமெல்லாம் மரக்கட்டையாகக் கிடப்பவருக்குச் சோறூட்டிப் புரட்டிப் படுக்க வைப்பது அவள்தானே.

"ஏனுங்க, ஒரு மணி நேரமாவது வீட்டுக்குன்னு வெக்கக் கூடாதுங்களா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"வீட்லதான் நீ இருக்கறயே" என்று குழறினார்.

மறுநாள் காலையில் அவளே பொத்தானை அழுத்தினாள். நடுக்கம் நின்றதும் கத்தரிக்காயையும் கத்தியையும் அவர் முன்னால் வைத்தாள்.

"வண்டிச் சாவி எங்கிட்ட இருக்குதுங்க. எனக்கும் சேத்து ஆக்கி வைங்க."

விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். உட்கார்ந்த பிறகுதான், எங்கே போவதென்றே தனக்குத் தெரியவில்லை என்பது உறைத்தது. இரண்டு பஸ்கள் வந்து நின்று போயின.