தலைவர் அறை விளக்கு

தேஜன் நகர ஆய்வுக்கூடத்தில் மாலை மணி ஏழைத் தாண்டிவிட்டது. துறைத் தலைவர் அறைக் கதவின் அடியில் இன்னும் வெளிச்சம் தெரிந்தது.

"இந்த மனுஷனுக்கு வீடு வாசலே கிடையாதா, அக்கா? என் பொண்ணு பிறந்த நாள் கேக்கை வெட்டாம உட்கார்ந்திருக்கா," என்றான் இளைய ஆய்வாளன் ஹ்வான்கி.

"மெதுவாப் பேசுடா. அவருக்கு முன்னாடி நாம கிளம்பினா நல்லாவா இருக்கும்?" என்றாள் மூத்த ஆய்வாளர் போரம். வேலை எப்போதோ முடிந்திருந்தாலும், அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யார் எங்கே இருக்காங்க, என்ன வேணும்னு தானாப் புரிஞ்சிக்கிற இந்தக் கட்டடத்தை நாமதானே உருவாக்கினோம்? அதுகிட்டயே கேட்டா என்ன?"

"பெரியவர் எப்பக் கிளம்புவார்னா? மானம் போயிடும்!"

மகள் மறுபடியும் போனில் அழைத்தாள். ஹ்வான்கி பொறுக்கமாட்டாமல் சுவரிலிருந்த ஒலிபெருக்கியிடம் கிசுகிசுத்தான்: "தலைவர் உள்ளே என்ன பண்றார்?"

"நீங்கள் காபி குடிக்கப் போயிருந்தபோதே வீட்டுக்குப் போய்விட்டார்," என்றது கட்டடம்.

போரம் துள்ளி எழுந்தாள். "அப்போ விளக்கு ஏன் எரியுது?"

"அது அணைந்ததும் நீங்கள் தினமும் வேலையை நிறுத்திவிடுகிறீர்கள். இன்று இவ்வளவு ஆர்வமாக உழைக்கிறீர்களே, கெடுக்க வேண்டாமென்று அணைக்காமல் வைத்திருக்கிறேன்."