குதிகால்

பச்சைத் திரை வழியே வரும் மதிய வெயிலில் மருத்துவமனை அறை குளத்தின் அடிப்பரப்புபோல் கிடக்கிறது. சுவரில் அறைந்த அளவுகோலோடு முதுகை ஒட்டி நிற்கிறாள் சிறுமி. வயது ஒன்பது, பார்ப்பவர்கள் ஆறு என்பார்கள். வளர்ச்சி ஊசி தொடங்கி ஒரு வருடம். தினமும் படுக்கும் முன் ஒரு குத்து, இன்று இடது தொடை என்றால் நாளை வலது. இந்த முறையும் உயரம் ஏறாவிட்டால் நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எதிர்ச் சுவரோரம் நிற்கும் அம்மாவின் கையில் மருந்துக் குளிர்பெட்டி வியர்த்துச் சொட்டுகிறது. “கொண்டைய அவுத்துடு கண்ணு, அதையெல்லாம் உயரத்துல சேக்க மாட்டோம்,” என்று நர்ஸ் சிரிக்கிறார். காலையில் அடம்பிடித்து உச்சியில் போட்டுக்கொண்ட கொண்டை அவிழ்ந்து தோளில் சரிகிறது. கூடவே நான்கு விரற்கடை உயரமும். வெயிலில் தூசி மிதக்கிறது. தலைக்கு மேலிருக்கும் பலகை, நீரில் அமிழும் இலைபோல் மெல்ல மெல்ல இறங்குகிறது. “குதிகால் தரையில படணும். எக்கக் கூடாது.” “நான் எக்கலையே,” என்கிறாள் சிறுமி, தலையை அசைக்காமல். கண் மட்டும் எதிர்ச் சுவரின் அடிக்குப் போகிறது. அங்கே இரண்டு குதிகால்கள் செருப்பை விட்டு எழும்பி நடுங்குகின்றன. “அம்மா, நீ எதுக்கும்மா எக்குற?”