சார்ஜ் தீர்ந்த காதுகள்

பட்டன் டின்னுக்குள் விட்ட கையில், பட்டனுக்குப் பதிலாகத் துணி தட்டுப்பட்டது.

லிஃப்ட் மெக்கானிக் அதை வெளியே எடுத்தார். ஒரு குட்டிச் சுருக்குப்பை. அவருடைய பழைய கட்டம்போட்ட சட்டையில் மிஞ்சிய துணியில் தைத்தது. உள்ளே வெள்ளையாக, வழவழவென்று, சோப்புக் கட்டியில் பாதி அளவுக்கு ஒரு பொருள்.

காணாமல் போன இயர்பட்ஸ் டப்பா.

அவருக்குப் பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, துணியைத் தள்ளியபடியே தன் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். தினமும் நடக்கிற கச்சேரிதான்.

மெக்கானிக் டப்பாவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷம் துளிக்கூட வரவில்லை.

அந்த டப்பாவுக்குள் வைத்தால்தான் இயர்பட்ஸுக்குச் சார்ஜ் ஏறும். டப்பா தொலைந்த அன்றே இரண்டு காதிலும் பாட்டு பாதியில் நின்றுபோனது. நின்ற இடத்தில் மனைவியின் குரல் கேட்டது.

"இவர்கிட்ட பேசுறதுக்குச் செவுத்துகிட்ட பேசலாம்க்கா. செவுராவது எதிரொலிக்கும்."

சுருக்கென்றது. ஆறாவது மாடியில் கயிறு உரசினால் கீழ்த்தளத்தில் நின்றே கண்டுபிடிக்கிற காது அவருக்கு. வீட்டுக்குள் கால் வைத்ததும் அதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இத்தனை வருஷமாக அவள் என்னென்ன சொன்னாள் என்று கேட்டால் திருதிருவென்று முழிக்க வேண்டியதுதான்.

இயர்பட்ஸைக் கழற்றினால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். அதனால் கழற்றவில்லை. உயிரில்லாத இரண்டையும் காதில் செருகிக்கொண்டு, இல்லாத பாட்டுக்குத் தலையை ஆட்டினார். பார்க்கிறவளுக்கு நம்பிக்கை வர வேண்டுமே என்று நடுநடுவே தொடையில் தாளமும் போட்டார்.

மிஷினை மிதித்து மிதித்து முழங்கால் விட்டுப்போகிறது என்று அக்காவிடம் சொன்னாள். மறுநாள் மிஷினுக்கு மோட்டார் வந்தது. பச்சைத் திரைச்சீலையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது என்றாள். திரைச்சீலை மாறியது.

"மனுஷனுக்குத் திடீர்னு ஞானம் வந்துருச்சுக்கா" என்று அவள் சொன்னபோது வந்த சிரிப்பை, ஏதோ பாட்டை ரசிப்பதுபோலச் சமாளித்தார்.

சந்தேகம் வரக் கூடாதென்று டப்பாவைத் தேடவும் செய்தார். கட்டிலைப் புரட்டினார். சோபாவைக் கவிழ்த்தார். பிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்தார். அது இருக்கவே முடியாத இடங்களாகப் பார்த்துப் பார்த்துத் தேடினார். இன்று பட்டன் டின்னைத் திறந்ததுகூட டப்பாவுக்காக இல்லை. யூனிஃபார்மில் ஒரு பட்டன் அறுந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் தவறி விழுந்த டப்பா தனக்குத் தானே பை தைத்துக்கொள்ளாது.

அப்படியென்றால் காதில் ஒன்றும் பாடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். தலையாட்டியதும் தாளம் போட்டதும் எல்லாம் தெரியும். மெக்கானிக்குக் கழுத்து வரை சூடேறியது. மானம் போன சூடு.

"வந்துடறேன்க்கா" என்றாள் மனைவி, மிஷினை நிறுத்தாமலே. "உன் ஊர்லயே கடை வெச்சுக்கறேன். இங்க என்னை யாரு தேடப் போறா? அந்த டப்பாவைத் தேடுனதுல கால்வாசி தேடுவாரா, சொல்லு?"

மோட்டார் மாட்டியாயிற்று, திரைச்சீலை மாற்றியாயிற்று, எல்லாம் சரியாகிவிட்டது என்றல்லவா நினைத்திருந்தார். இவள் என்னடாவென்றால் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் அக்கா 'வா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது கதை.

அந்த நேரம் பார்த்து அவருடைய சட்டைப்பையில் போன் சத்தமில்லாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார்.

திரையில் 'அவ அக்கா' என்று இருந்தது.

மெக்கானிக் போனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"ஆமாக்கா… ம்… நீ சொல்றதும் சரிதான்" என்று அவள் தோளில் இடுக்கிய போனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் கையில் போன் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. இங்கே அழைத்துக்கொண்டிருக்கிற அக்கா, அங்கே எப்படிப் பேசிக்கொண்டிருக்க முடியும்?

அவள் காதில் இருந்த போனில் ஆளே இல்லை. எத்தனை நாளாகவோ, அவள் பேசியதெல்லாம் இவரிடம்தான்.

அழைப்பைத் துண்டித்தார். திரும்பி நின்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். ஆனால் அப்படி ஒரு வார்த்தையை முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பழக்கமே இல்லை. போய்விடுவாளோ என்ற பயம் மட்டும் விடவில்லை.

சுருக்குப்பையை எடுத்த இடத்திலேயே பட்டன்களுக்கு அடியில் புதைத்தார். டின்னை மூடினார். இயர்பட் இருந்த காதின் மேலேயே போனை வைத்து அழுத்திக்கொண்டு, கூட வேலை பார்க்கிற கூட்டாளியிடம் பேசுவதுபோல ஆரம்பித்தார்.

"ஹலோ… ஆமாண்டா, வீட்லதான். டேய், அந்த டப்பாவை நான் சும்மாதான்டா தேடினேன். இவ போயிட்டான்னா இவளை நெஜமாவே தேடுவேன்."

மிஷின் நின்றது.

மெக்கானிக் சுவரைப் பார்த்தபடி, மறுமுனையில் யாரோ பேசுவதுபோல "ம்… ம்…" கொட்டினார்.

"அக்கா, லைன்லயே இரு" என்றாள் மனைவி. "பக்கத்துல யாரோ பேசுறாங்க. ஒண்ணும் சரியா காதுல விழல. கொஞ்சம் சத்தமாச் சொன்னா நல்லாருக்கும்."

மெக்கானிக் கூட்டாளியிடம் அதையே இன்னொரு முறை சொன்னார், அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி.