அறுபத்திரண்டு நாள் வராதவள்

"அறுபத்திரண்டு நாளா நீங்க வேலைக்கே வரலைன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. என்ன பதில் சொல்றீங்க?"

சுகாதார நிலையத்தின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரி கேட்டபோது, நர்ஸம்மா ஒரு குழந்தைக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளைப் பார்த்துக்கொண்டே ஆள் இல்லை என்று சொல்ல ஒரு தனித் தைரியம் வேண்டும். அது அவருக்கு நிறையவே இருந்தது.

"நாலு கிலோ இருநூறு. நல்லா ஏறியிருக்கு," என்று தாயிடம் சொல்லிவிட்டு, வருகைப் பதிவேட்டை அவர் முன் வைத்தாள். "ஒரு நாள் விடாம கையெழுத்துப் போட்டிருக்கேன் சார்."

அவர் அதைத் தொடக்கூட இல்லை. "பேப்பர்ல எழுதினது செல்லாதும்மா. பகல் பன்னிரண்டு மணிக்குள்ள, இந்தக் கட்டடத்துக்குள்ள நின்னு, போன்ல முகத்தைக் காட்டி அனுப்பணும். அதுதான் வருகை."

"உள்ளே சிக்னல் கிடையாது. ஒரு கிலோமீட்டர் தள்ளி மேட்டுலதான் கிடைக்கும். அங்கேருந்து அனுப்பினா, பணியிடத்துல இல்லைன்னு திருப்பி அனுப்புது. கட்டடத்தைத் தலையில தூக்கிக்கிட்டா மேடு ஏற முடியும்?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். குழந்தையின் தாய் சிரிக்கவில்லை. ஊரில் அவளுக்கு வாயாடி என்று பெயர். "வராத ஆளா சார் ரெண்டு மாசம் முன்னாடி எனக்குப் பிரசவம் பார்த்தாங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆள் வராத இடத்துக்கு நிலையம் எதுக்கு? மூடச் சொல்லி எழுதப் போறேன். வரலைன்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா, வேற ஊர்ல வேலையாவது மிஞ்சும்."

"வேலை போனா போகட்டும். வந்தவ வரலைன்னு என் கையால எழுத மாட்டேன்." நர்ஸம்மா பேனாவை மூடினாள். "அடுத்த குழந்தையக் கொண்டாங்க."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. போனை எடுத்து ஜன்னலோரம் நீட்டினார். நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தார். பிறகு மேட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"நம்ம நிலையத்தை மூடறதுக்கு என்ன அவசரம் பாரு!" என்று வயிறெரிந்தாள் வாயாடி.

பன்னிரண்டேகாலுக்கு வேர்த்து விறுவிறுக்கத் திரும்பி வந்தார். வாசலிலேயே தயங்கி நின்றார். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"அம்மா... எங்களுக்கும் அதே சட்டம்தான். போற இடத்துக்குள்ள நின்னு முகத்தைக் காட்டணும். இன்னிக்கு எனக்கு ஆப்சென்ட் விழுந்துடுச்சு. நான் இங்க வந்தேன்னு ஒரு பேப்பர்ல எழுதித் தர்றீங்களா?"

நர்ஸம்மா பதிவேட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"முதல்ல என்னோட அறுபத்திரண்டு நாளுக்கும் நீங்க கையெழுத்துப் போடுங்க சார். அதுக்குக் கீழே உங்களோட ஒரு நாளை நான் எழுதறேன்."